ஆஞ்சநேயர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு துடுப்பு மெஷின்

விற்பனைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமாம். ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு, சால்வை போர்த்தி, காபி கொடுத்து, "அனுபவத்தைச் சொல்லுங்க சார்" என்று உட்கார வைத்துவிட்டார்கள். சரி, சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் கையிலிருக்கும் அந்த ஒப்பீட்டு அட்டவணையை மூடி வையுங்கள். துடுப்பு மெஷினில் எண்ணெய் அடைத்தது நல்லதா, காற்றுத் தடை உள்ளது நல்லதா, காந்தம் வைத்தது நல்லதா என்று கட்டம் கட்டமாக டிக் அடித்திருக்கிறீர்கள். அழகாகத்தான் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் இப்படிக் கட்டம் போட்டவன்தான். அந்தக் கட்டத்தில் ஆஞ்சநேயருக்கு இடம் விடவில்லை. அதனால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. வெளிநாட்டு மெஷினை இறக்குமதி செய்வதென்றால் அன்றைக்குக் கல்யாணத்தைவிடப் பெரிய காரியம். அதனால் எங்கள் முதலாளி ஏதோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படத்தைப் பார்த்துவிட்டு, மெட்ராஸில் எங்கள் பட்டறையிலேயே ஒன்றைச் செய்யச் சொன்னார். சைக்கிள் சக்கரம், சைக்கிள் செயின், சக்கரத்தைச் சுற்றித் தகரத் தகடுகள், தண்டவாளம் மாதிரி இரண்டு கம்பி, அதன்மேல் உருளும் இருக்கை. காலை வாரில் மாட்டிக்கொண்டு படகில் துடுப்பு வலிக்கிற மாதிரி கைப்பிடியை இழுத்தால் சக்கரம் சுற்றும், தகடுகள் காற்றை அடிக்கும். மெதுவாக இழுத்தால் லேசாக இருக்கும். வெறி பிடித்து இழுத்தால் காற்றும் அதே வெறியோடு எதிர்க்கும். தத்துவம் அவ்வளவுதான். அடித்த காற்று வெளியேற வேண்டுமே, அதற்காகச் சக்கரத்தின் கூண்டில், இழுப்பவருக்கு இடப்பக்கம், ஒரு வாய் வைத்தார்கள். அந்த வாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் இன்னொரு ரகமும் இருந்தது. ஸ்கூட்டரின் ஷாக் அப்சார்பரை மாட்டிச் செய்தது. சத்தம் போடாது, இடத்தை அடைக்காது, விலையும் குறைவு. ஆனால் நாலு பேர் தொடர்ந்து இழுத்தால் எண்ணெய் சூடாகிப் பிடி விட்டுவிடும், ஒழுகவும் செய்யும். வீட்டில் ஒருவர் வைத்துக்கொள்ள அது போதும். காசு வாங்கிக்கொண்டு ஊரையே இழுக்கவிடும் ஜிம்முக்குக் காற்று மெஷின்தான் சரி. செயின் அறுந்தால் சைக்கிள் கடைக்காரரே மாட்டிவிடுவார். இந்த முடிவு அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. உங்கள் அட்டவணையும் அதைத்தான் சொல்கிறது.

அப்போதுதான் ஜவ்வாது மலையிலிருந்து விசாரணை வந்தது. மலைமேல் ஜமுனாமரத்தூரில் ஜிம் ஆரம்பிக்கிறார் ஒருவர். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், பெயர் முனுசாமி. ராணுவத்திலிருந்து வந்த பிறகு கலசப்பாக்கம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கேட்டில் காவலுக்கு நின்றிருக்கிறார். முதலாளியின் கார் உள்ளே போகும்போது ஒரு சல்யூட், வெளியே வரும்போது ஒரு சல்யூட். ஒருநாள், போதும்டா சாமி என்று உதறிவிட்டு மலையேறிவிட்டார். கீழே வாணியம்பாடியிலும் ஆலங்காயத்திலும் தொந்தி வைத்த வியாபாரிகள் ஏராளம். வாரக் கடைசியில் குளிர்ந்த காற்றில் வந்து தங்கி உடம்பை இறக்கிக்கொண்டு போகட்டும் என்பது அவர் கணக்கு. இது நடந்தால் அவர் மாஸ்டர். நடக்காவிட்டால் மறுபடியும் கேட்டில் போய் நிற்க வேண்டியதுதான்.

எங்கள் அலுவலகத்தில் இதற்கு ஒரு கூட்டமே போட்டார்கள். மலைமேல் காற்று மெல்லிசாக இருக்குமே, காற்றுத் தடை மெஷினுக்குத் தடை போதுமா என்று எங்கள் முதலாளிக்குக் கவலை. படித்த மூன்று பேர் உட்கார்ந்து ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினோம். காற்று அதிகமாகிவிட்டால் என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மெஷினைக் கோணி சுற்றி ஆலங்காயத்தில் பஸ் கூரைமேல் ஏற்றினேன். கண்டக்டர் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, பாடையா?"

"உடற்பயிற்சி மெஷின்."

"நீளமா கீதே. யாரும் இல்லாம காலியா போவுதுன்னா பரவால்ல, ஏத்துங்க."

மலைப்பாதை வளைவுகளில் எல்லாம் ஒரு பாட்டி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஜிம் என்பது ஒரு பழைய புளிக் கிடங்கு. நீளமாக, ஒடுக்கமாக, ஓடு போட்டது. வெள்ளையடித்தும் புளி வாசனை போகவில்லை, மூச்சை இழுத்தால் நாக்கு ஊறும். கட்டடத்தின் சொந்தக்காரர் வாணியம்பாடி காதர் பாய், புளி வியாபாரி. இடுப்பு வலிக்காரர், அதனால் உடற்பயிற்சி என்ற பேச்சையே எடுக்கமாட்டார். ஆனால் மாஸ்டர் மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம். "மனுசன் நல்லாக்கணும் சார், நீங்க நல்ல மெஷினா குடுங்க" என்று வந்த உடனே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நீளச் சுவரின் நடுவில் ஆஞ்சநேயர் படம், அதன் கீழே ஒரு பலகை, பலகைமேல் ஓர் அகல் விளக்கு. எந்தத் தமிழ்நாட்டு உடற்பயிற்சிக் கூடத்திலும் இருப்பதுதான். ஆனால் மாஸ்டரிடம் ஒரு பழக்கம் இருந்தது. அவர் கூடத்தில் கடிகாரம் கிடையாது. பயிற்சி தொடங்கும்போது ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி விளக்கை ஏற்றுவார். அது எரியும்வரை யாரும் ஓய்வாக உட்காரக் கூடாது. எண்ணெய் தீர்ந்து விளக்கு நின்றால் அன்றைய வகுப்பு முடிந்தது.

"கடியாரம் வெச்சா எல்லாப் பயலும் அத்தயே பாத்துக்கினு நிப்பான் சார். சாமி வெளக்கு எரியச்சொல்லோ உக்கார மனசு வராது" என்றார்.

எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதோடு சரி, யோசிக்கவில்லை.

மெஷினை எங்கே வைப்பது என்பதில் ஒரு காலைப்பொழுது போயிற்று. இந்த முனை முழுக்க எடைகள், அந்த முனையில் கட்டில்கள். மிஞ்சியது படத்துக்கு முன்னால் இருக்கும் இடம்தான். சக்கரம் படத்தைப் பார்க்க வைத்தேன். மாஸ்டர் முகம் கறுத்துவிட்டது.

"சாமி மேல காலை நீட்டிக்கினு இழுக்கறதா? நல்லாக்குதே!"

திருப்பி வைத்தேன். இப்போது இழுப்பவரின் முதுகு சாமிக்கு. அதுவும் ஆகாது. கடைசியில் சுவருக்கு இணையாக, பக்கவாட்டில் போடுவது என்று முடிவாயிற்று. அப்படிப் போட்டால் வாசலைப் பார்த்து உட்காரலாம், உள்சுவரைப் பார்த்தும் உட்காரலாம். "வாசலையே பாத்து வெச்சிடுங்க. பெரிய மனுசங்க வருவாங்க, அவங்க காரு அவங்க கண்ணுல படணும்" என்றார் பாய். அது நியாயமாகப் பட்டது. தரையில் போல்ட் அடித்து இறுக்கினேன். காலும் இல்லை, முதுகும் இல்லை, சாமிக்கு இடது தோள்தான் என்று மூன்று பேரும் திருப்தியாக டீ குடிக்கப் போனோம். காற்று வெளியே வரும் வாயும் இடப்பக்கம்தான் என்பது டீ குடித்துத் திரும்பிய பிறகும் எனக்கு உறைக்கவில்லை.

திறப்பு நாள். கீழிருந்து கார்களும் வேன்களும் ஏறி வந்தன. தலையில் சாமை மூட்டையோடு சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மலைக்கார அம்மா துடுப்பு மெஷின் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாசலில் நின்று பார்த்தார்.

"தண்ணியும் காணோம், படகும் காணோம். இத்த இழுத்தா இன்னா கூலி குடுப்பாங்க?"

"கூலி இல்லம்மா. இழுக்கறவங்கதான் பணம் குடுக்கணும்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூட்டையைச் சரிசெய்துகொண்டு நடையைக் கட்டினார்.

கடைசியாக இறங்கியவர் அந்த அரிசி ஆலை முதலாளி. நல்ல ஆகிருதி. அவர் வந்துவிட்டால் மற்றவர்கள் வந்ததற்கு அர்த்தம் உண்டு. அவர் தலையாட்டினால் மற்றவர்களும் சேருவார்கள், உதட்டைப் பிதுக்கினால் எல்லாரும் அடுத்த வளைவிலேயே மறந்துவிடுவார்கள். மாஸ்டரின் கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது. முதலாளி அதைக் கவனிக்கக்கூட இல்லை. தோளில் தட்டினார்.

"இன்னா முனுசாமி, பெரிய ஆளாய்ட்டியாமே! நல்லாரு. நடக்கலன்னா ஒண்ணியும் யோசிக்காத. கேட்டு காலியாத்தான் கீது, வந்துடு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு வயிறெரிந்தது.

மாஸ்டர் விளக்கேற்றினார், விதியைச் சொன்னார். "எரியற வரைக்கும் யாரும் சும்மா உக்காரக்கூடாதுங்க. வெளக்கு நின்னா கிளாஸ் முடிஞ்சிதுங்க." கரண்டி எண்ணெயைப் பார்த்தே பாதிப் பேருக்கு வியர்த்துவிட்டது. பின்பக்கம் பாய் ஏற்பாடு செய்த பிரியாணி தேக்சாவில் தம்மில் இருந்தது. அந்த வாசனை வேறு. ஆளுக்கு ஒரு பக்கம் பஸ்கியும் தண்டாலும் என்று முனகிக்கொண்டே தொடங்கினார்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த சீனியர் ஒருவர் உண்டு. பெயர் வேண்டாம். அவர் அடிக்கடி சொல்வார்: "டெமோவுல நீ இழுத்துக் காட்டாதே. கூட்டத்துல எவன் பெரிய மனுஷனோ அவனை உட்கார வை. அவன் நல்லாயிருக்குன்னு சொல்லிட்டா மத்தவன் வாயைத் திறக்கமாட்டான்." பிரமாதமான யோசனை. ஏதாவது கோளாறானால் அதுவும் பெரிய மனுஷன் கையால்தான் ஆகும் என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். நான் ஆலை முதலாளியை உட்கார வைத்தேன்.

அவர் இரண்டு விரலில் தேங்காய் மூடியைத் தூக்குவது மாதிரி கைப்பிடியை இழுத்தார். "இதுல வெயிட்டே இல்லியே! இதுக்கா மெட்ராஸ்லேர்ந்து வந்தீங்க?"

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. "வெயிட்டு மெஷின்ல இல்லீங்க, இழுக்கறவங்க கையில இருக்கு. மெதுவா இழுத்தா மெதுவாத்தான் இருக்கும்" என்றேன்.

அவ்வளவுதான். மனுஷனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். சக்கரம் கிர்ரென்று கிளம்பியது, தகடுகள் அலறின, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் படபடத்தது. இன்னொரு இழுப்பு. இன்னொன்று. விளக்கின் சுடர் சாய்ந்தது, சாய்ந்து படுத்தது, அப்படியே மலையேறிவிட்டது.

பஸ்கி எடுத்தவர்கள் பாதியில் நின்றார்கள். திரியிலிருந்து புகை ஆஞ்சநேயரின் முகத்துக்கு நேராகப் போயிற்று. திறப்பு விழா நாளில், எல்லார் கண்ணெதிரிலும், சாமி விளக்கு. யாரோ 'த்சொ' என்றார்கள். முதலாளி கைப்பிடியை விட்டுவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், அணைத்தது அந்தக் கை அல்லவா. வாசலோரம் ஒருவர் சட்டையை எடுத்து மாட்டவே ஆரம்பித்துவிட்டார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் அந்த ஆலையின் கேட் தெரிந்தது.

நீங்கள் இதற்குத்தான் பயிற்சி எடுக்க வேண்டும். மெஷின் விற்கிற தொழிலில் இப்படி ஒரு கணம் வரும், எல்லாரும் உங்கள் வாயைப் பார்ப்பார்கள். நான் என்ன சொல்ல வாயெடுத்தேன் தெரியுமா? கூண்டின் வாய் இடப்பக்கம் இருப்பதால் காற்று அந்தத் திசையில் வெளியேறுகிறது என்று விளக்க வாயெடுத்தேன். துக்க வீட்டில் போய் நோயின் லட்சணம் சொல்கிற மாதிரி. நல்லவேளை, அதற்குள் வேறொருவர் முந்திக்கொண்டார்.

பின்வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற காதர் பாய்தான் பேசினார்.

"இன்னா மாஸ்டர், வெளக்கு நின்னா கிளாஸ் முடிஞ்சிதுன்னு சொன்னீங்களே. அப்ப முடிஞ்சிதா இல்லியா? தேக்சா தொறக்கலாமா?"

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் ஒருவர் 'க்ளுக்' என்றார். பிறகு கிடங்கே அதிர்ந்தது. தண்டாலில் கிடந்தவர்கள் அப்படியே தரையில் மல்லாந்து சிரித்தார்கள். "முதலாளி, எங்கள காப்பாத்தினீங்க!" என்று ஒருவர் கும்பிட்டார். முதலாளிக்கு உயிர் வந்தது. மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. படத்துக்கு முன்னால் போய் நின்றார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், நிதானமாக மறுபடியும் விளக்கை ஏற்றினார். திரும்பியபோது முகம் தெளிந்திருந்தது.

"வாயு புத்திரன் சாமிங்க இவரு. காத்து அவரு அப்பா. புள்ளயப் பாக்க அப்பா வந்துட்டுப் போயிகீறாரு, அதுல இன்னா குத்தம்? போய் சாப்புடுங்க."

அன்று சாப்பிட்ட கையோடு எல்லாரும் சேர்ந்தார்கள். முதலாளியும்தான். மாஸ்டரைப் பழையபடி தோளில் தட்டி, "பாக்கலாம்டா முனுசாமி, எத்தினி நாளைக்கு ஓடுதுன்னு" என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினார்.

மெட்ராஸில் இந்தக் கதையைச் சொன்னபோது எங்கள் முதலாளி பூரித்துப்போனார். மலைக் காற்றிலும் எங்கள் மெஷின் விளக்கை அணைக்கிறது என்பது அவருக்குத் தரச் சான்றிதழ். சீனியர், "நான் சொன்னபடி பெரிய மனுஷனை உட்கார வெச்சான் பாருங்க" என்று தன் பங்கை எடுத்துக்கொண்டார். எனக்குத்தான் உறுத்தல். நான் விற்றது உடம்பை வலுவாக்க ஒரு மெஷின். அவர்கள் வாங்கியது வகுப்பைச் சீக்கிரம் முடிக்க ஒரு விசிறி. வருகிறவன் ஒவ்வொருவனும் முதல் வேலையாக அதில் உட்கார்ந்து விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டால், ஒருத்தன் உடம்பும் இறங்காது. உடம்பு இறங்காவிட்டால் ஒருத்தனும் இருக்கமாட்டான். பிறகு மாஸ்டர் எங்கே போவார்? மெஷினைத் திருப்பிப் போட்டால் காற்று எதிர்ப்பக்கம் போய்விடும், நாலே போல்ட். மழைக்காலம் முடிந்ததும் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு, எந்த அழைப்பும் இல்லாமல், நானே பஸ் ஏறினேன்.

போய்ச் சேர்ந்தபோது வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. உள்ளே கூச்சல். மெஷினுக்கு முன் வரிசையாக நிற்கிறார்கள், ஒருவர் இழுக்கிறார், மற்றவர்கள் "சாயுது, சாயுது, வுடாத!" என்று கத்துகிறார்கள். சுடர் சாய்கிறது, நிமிர்ந்துகொள்கிறது. இழுத்தவர் நாக்குத் தள்ளி எழுந்து கடைசிக்குப் போகிறார், அடுத்தவர் உட்காருகிறார். என் சர்வீஸில் எந்த ஜிம்மிலும் மனிதர்கள் அப்படி உழைத்துப் பார்த்ததில்லை. பாதிப் பேரின் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, கயிறு கட்டியிருந்தார்கள்.

மாஸ்டர் என்னை ஓரமாக அழைத்துப்போனார். அப்போதுதான் பலகையைப் பார்த்தேன். பழைய இடத்தில் ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும் இருந்தன. பலகை சுவரோடு மெஷினைவிட்டுத் தள்ளிப் போயிருந்தது, படமும் கூடவே போயிருந்தது. விளக்கின் திரியும் இப்போது விரல் பருமனுக்கு இருந்தது.

"அவங்களுக்கு பலம் ஏற ஏற, சாமி கொஞ்சம் கொஞ்சமா நகந்துக்கினே போறாருங்க" என்றார் மாஸ்டர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். பிறகு என் பையைப் பார்த்தார். "இன்னாத்துக்கு சார் ஸ்பேனரு?"

"மெஷினைத் திருப்பி வெச்சிடலாம்னு வந்தேன் மாஸ்டர். வெளக்கு அணையாது."

அவர் வரிசையைப் பார்த்து, "முடியாதவங்க போய் சாப்புடுங்க" என்றார். கடைசியில் ஒருவழியாக வரிசை கலைந்தது, சாப்பாட்டு மணம் பிடித்து ஆட்கள் பின்கட்டுக்கு நகர்ந்தார்கள். ஒருவர் மட்டும் விடாமல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். ஆலை முதலாளி. ஆள் பாதியாகியிருந்தார். திறப்பு நாளில் அணைத்தவர் அல்லவா, அதன்பிறகு ஒருமுறையும் அவரால் முடியவில்லையாம், அது பெரிய மானப் பிரச்சினையாகிவிட்டது. வியர்வை கண்ணில் இறங்கியதால் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, 'ஹூம், ஹூம்' என்று இழுத்துக்கொண்டிருந்தார். சக்கரம் அலறியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுடர் சாய்ந்து படுத்தது, நின்றுவிட்டது. திரியிலிருந்து புகை எழும்பியது. எனக்கே கை தட்டத் தோன்றியது.

முதலாளி கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு வாங்க, இழுப்பை நிறுத்தாமலே கேட்டார்.

"மாஸ்டர்... இன்னும் எரியுதுங்களா?"

மாஸ்டர் விளக்கைப் பார்த்தார். புகையைப் பார்த்தார். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, பரேடு மைதானத்தில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"எரியுதுங்க. இழுங்க."

"செரிங்க மாஸ்டர்" என்றார் முதலாளி. இழுத்தார்.